இருவர் ஓட்டும் படகில் இரவுக் காவல்

"இரவில் படகை எங்கே நிறுத்துவீர்கள்?" என்று கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை. லாரியைச் சாலையோரம் ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் கண்ணயர்வதைப் போல, நாங்களும் எங்காவது ஒதுங்கிப் படுத்துக்கொள்வோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிறுத்துவதில்லை. கரை தொடும்வரை படகு இரவும் பகலும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். படகில் நாங்கள் இருவர் மட்டும் என்பதால், விழித்திருப்பவர் எப்போதும் தனியாகத்தான் விழித்திருப்பார். இரவுப் பயணத்தின் கடினம் முழுவதும் அந்தத் தனிமையில்தான் இருக்கிறது.

எங்களுடையது 36 அடிப் பாய்மரப் படகு. நான் மலேசியாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். பல ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்தேன். என் கணவர் தூத்துக்குடிக்காரர். வணிகக் கப்பல்களில் செகண்ட் மேட்டாக, அதாவது இரண்டாம் துணை அதிகாரியாக, இருந்தவர். நாங்கள் அதிகம் ஓட்டுவது மலாக்கா நீரிணையில், லங்காவிக்கும் போர்ட் கிள்ளானுக்கும் இடையில். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து போகும் நீர்வழி அது. பெரிய கப்பல்கள் நடுவில் தங்கள் பாதையில் ஒழுங்காகப் போகும். கரைப்பக்கம்தான் எங்களைப் போன்ற சிறிய படகுகளுக்கு. அங்கே மீன்பிடிப் படகுகள், வலைகள், இழுவைப் படகுகள், அவை இழுத்துவரும் பார்ஜுகள் எனும் தட்டையான சரக்கு மிதவைகள் என்று கண் ஓய இடமில்லை.

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி மிகச் சிறியது. எல்லாக் கலங்களும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும், கைக்கு எட்டிய வேறு எல்லா வழிகளாலும் சரியான கண்காணிப்பை வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 400 மீட்டர் கப்பலுக்கும் இதுதான் விதி. எங்கள் 36 அடிக்கும் இதுதான். ஆள் குறைவு என்பதற்கு அதில் சலுகை கிடையாது. சலுகை இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. கணக்குப் போட்டால் காரணம் புரியும். சுக்கான் பிடிக்கும் திறந்த இடமான எங்கள் காக்பிட்டில் உட்கார்ந்தால் கண்மட்டம் நீருக்கு மேல் இரண்டு மீட்டர் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தொடுவானம் வெறும் மூன்று கடல் மைல். கப்பலின் மேல்விளக்கு அதைவிடத் தொலைவிலிருந்தே தெரியும் என்றாலும் மழையிலும் மூட்டத்திலும் அதை நம்ப முடியாது. எதிரே வரும் கப்பல் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்திலும் நாங்கள் 6 நாட் வேகத்திலும் போனால், இடையிலுள்ள தூரம் மணிக்கு 24 மைல் வீதம் கரையும். ஐந்து மைல் தொலைவில் தெரிந்த விளக்கு 12 நிமிடத்தில் தலைக்கு மேல் நிற்கும். தனியாகப் படகோட்டும் சிலர் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். அந்த 20 நிமிடத்தில் எட்டு மைல் தூரம் கரைந்திருக்கும். நடுப் பசிபிக்கில் அதைப் பற்றி வாதிடலாம். மலாக்கா நீரிணையில் அது தற்கொலை.

எங்கள் காவல் முறை எளியது. இரவு 7 மணிக்குத் தொடங்கி மூன்று மூன்று மணி நேரம். 7 முதல் 10 வரை அவர், 10 முதல் 1 வரை நான், 1 முதல் 4 வரை அவர், 4 முதல் 7 வரை நான். பகலில் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் நீண்ட தூக்கம் போட்டே ஆக வேண்டும். நள்ளிரவுக்குப் பிந்திய காவலை அவர் விரும்பி எடுத்துக்கொள்கிறார். கப்பலில் செகண்ட் மேட்டின் காவல் 12 முதல் 4 வரை. அவருடைய உடம்பு அதற்குப் பழகிவிட்டது. எனக்கோ மருத்துவமனையின் இரவுப் பணியில் விடியற்காலைக் காற்று முகத்தில் பட்டதும் புத்துயிர் வரும். ஆறு மணி நேரக் காவல் வைத்துக்கொள்ளும் தம்பதிகளும் உண்டு. தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது தூங்கலாம் என்பது அதன் நன்மை. திறந்த பெருங்கடலில் அது பொருந்தும். இங்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் தாங்காது.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்; பலரும் அதைச் சோம்பேறிகளின் கவலையாக நினைக்கிறார்கள். 2010 ஏப்ரல் 3 அன்று ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட சில மணி நேரத்தில் கிரேட் பேரியர் பவளத்திட்டில் ஏறி நின்றது. வானிலையிலோ எந்திரத்திலோ கோளாறு இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில் கப்பல் திரும்பவில்லை, அவ்வளவுதான். காவலில் இருந்த சீஃப் மேட் (முதல் துணை அதிகாரி) அதற்கு முந்தைய 38 மணி நேரத்துக்கு மேற்பட்ட காலத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம் மட்டும் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. சரக்கேற்றும் வேலை அவரைத் தூங்கவிடவில்லை. அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டவர் அல்லர். நின்றுகொண்டு, பார்த்துக்கொண்டு, கவனிக்காமல் இருந்தவர். மருத்துவமனையில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் அந்த முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டைப் படிப்பார்கள். படித்தது உள்ளே போயிருக்காது. கண் திறந்திருக்கிறது என்பதற்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்று நான் நம்புவதில்லை.

வணிகக் கப்பல்களுக்குப் பன்னாட்டு விதி இருக்கிறது: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். சிறிய படகுகளுக்கு அப்படி யாரும் வந்து கணக்குக் கேட்பதில்லை. ஆகவே நாங்களே கணக்கு வைக்கிறோம். பதிவேட்டில் ஒவ்வொரு மணிக்கும் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம், பேட்டரி ஆகியவற்றை எழுதுகிறோம். கடைசிப் பத்தியில் தூங்கிய நேரத்தையும் எழுதுகிறோம். படுத்த நேரம் அங்கே ஏறாது. உள்ளபடியே தூங்கியது எவ்வளவோ அதுதான் ஏறும். முதல் இரவு யாருக்கும் சரியாக வராது. மூன்றாம் இரவில் உடம்பு தாளத்துக்கு வந்துவிடும்.

இதுவரை சொன்னது ஏற்பாடு. இனி வருவதுதான் எனக்கு முக்கியம்.

நம் வீடுகளில் தூங்குகிறவரை எழுப்ப மாட்டோம். அப்பா படுத்திருந்தால் வந்த விருந்தாளி திண்ணையில் காத்திருப்பார். "பாவம், இப்போதுதான் கண்ணசந்தார்" என்று சொல்லி வேலையை நாமே இழுத்துப் போட்டுக்கொள்வோம். அன்பின் அடையாளம் அது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகிலோ அந்த அன்பு ஆளைக் கொல்லும். எங்கள் படகில் ரேடார் இருக்கிறது, கலங்கள் தங்கள் இருப்பை வானொலியில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஏஐஎஸ் கருவி இருக்கிறது, தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ள பாதுகாப்புச் சாதனம், கீழே படுத்திருக்கும் இரண்டாவது மனிதரின் கண்ணும் மூளையும். தேவைப்படும்போது அதை எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் இருவராகப் போவதில் பொருளே இல்லை.

கப்பல்களில் கேப்டனின் இரவு உத்தரவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. காவலுக்கு வரும் ஒவ்வோர் அதிகாரியும் படித்துக் கையெழுத்திட வேண்டும். "சந்தேகம் வந்தால் என்னை அழைக்கவும்" என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். என் கணவர் வேலை செய்த ஒரு கப்பலிலும் அது அழகான கையெழுத்தில் இருந்தது. ஓர் இரவு மூன்றாம் மேட் ஒரு மீன்பிடிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேப்டனை அழைத்தார். கேப்டன் மேலே வந்தார், பார்த்தார், "இதற்காகவா எழுப்பினாய்?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். அந்த ஒப்பந்தம் முடியும்வரை அந்தக் கப்பலில் அவரை யாரும் எழுப்பவில்லை. புத்தகத்தில் வரி அப்படியே இருந்தது. எல்லாரும் கையெழுத்தும் போட்டார்கள்.

அதனால் எங்கள் படகில் எழுப்புகிறவருக்கு விதி எதுவும் இல்லை, எழுப்பப்படுகிறவருக்குத்தான் விதி. எழுந்தவுடன் வாயிலிருந்து வர வேண்டிய முதல் சொல் "வருகிறேன்." வேறெதுவும் கூடாது. ஏன், என்ன, இப்போதுதானே படுத்தேன் என்ற எதுவும் கிடையாது. மேலே வந்து பார்த்தபோது ஒன்றுமே இல்லை என்றாலும், திரும்பப் போகும்போது "நல்ல வேளை எழுப்பினாய்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் இது நாடகம் போலத் தோன்றலாம். சில இரவுகளிலேயே பழக்கமாகிவிடும். அதன் பலன், விளக்கு ஐந்து மைலில் இருக்கும்போதே அழைப்பு வருவது. ஒரு மைலுக்கு வந்தபின் பதறி எழுப்பினால் தூங்கி எழுந்தவரால் உதவ முடியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் மூளை தெளிய கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம்வரை பிடிக்கும். கண் இருட்டுக்குப் பழகவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். சீக்கிரம் எழுப்புவது அவருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பது.

எழுப்புவதிலும் மூன்று படிகள் வைத்திருக்கிறோம். "காதில் போட்டு வைக்கிறேன்" என்றால் படுத்தபடியே கேட்டுக்கொண்டால் போதும். விழித்திருங்கள் என்று பொருள். "மேலே வாருங்கள்" என்றால் ஹார்னஸ் எனும் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு நிதானமாக வரலாம். காக்பிட் தரையில் காலால் மூன்று முறை ஓங்கி மிதித்தால், செருப்புக்கூடத் தேடாமல் ஓடிவர வேண்டும். எஞ்சின் ஓடும்போது குரல் கீழே கேட்காது, மிதிப்பது கேட்கும்.

என்ன சொல்லி எழுப்புவது என்பதற்கு நான் மருத்துவமனையிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். நடு இரவில் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பும் தாதி நான்கு விஷயங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, நான் உங்களிடம் கேட்பது. எஸ்பிஏஆர் என்று உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் கற்பிக்கிறார்கள். அது அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை என்று பயிற்சியின்போது சொன்னார்கள். கடலிலிருந்து வார்டுக்கு வந்ததை நான் மீண்டும் கடலுக்கே கொண்டுவந்திருக்கிறேன். இதில் பெரியவர் சின்னவர் தயக்கம் அடிபட்டுப் போகிறது. கடைசி வரி ஒரு வேண்டுகோளாக இருந்தே ஆக வேண்டும் என்பதால், "சும்மா சொல்லலாம் என்று நினைத்தேன்" என்று இழுப்பதற்கு இடமே இல்லை.

பினாங்கிலிருந்து பங்கோர் தீவுக்கு 70 கடல் மைலுக்கு அருகில் வரும். இரவில் புறப்பட்டால் பகலில் நங்கூரமிடலாம். அப்படிப் போன ஓர் இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், என் காவல். இடப்பக்கம் முன்னால் மூன்று வெள்ளை விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் தெரிந்தன. கீழே ஒரு பச்சை. செங்குத்தான மூன்று வெள்ளை என்றால் இழுவைப் படகு; அது இழுப்பதன் நீளம் 200 மீட்டருக்கு மேல். பச்சை என்றால் அதன் வலப்பக்கத்தைப் பார்க்கிறேன். அது என் முன்னால் இடமிருந்து வலமாகக் கடக்கிறது. இத்தகைய நேரத்தில் கை தானாகவே ஒரு காரியம் செய்யப் பார்க்கும்: கடந்து போகிறவனுக்குப் பின்னால் போய்விடலாம் என்று சுக்கானை இடப்பக்கம் திருப்பும். இழுவைப் படகுக்குப் பின்னால் கறுப்பாக, காலியாகத் தெரியும் அந்த இடத்தில்தான் நீருக்கடியில் கம்பி வடம் போகிறது. வடத்தின் மறுமுனையில் வீடளவு பார்ஜ் வந்துகொண்டிருக்கிறது. பார்ஜுக்கும் விளக்கு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தக் கரையில் அது பல நேரம் பேட்டரி தீர்ந்த கைவிளக்கு அளவுக்கே எரியும்.

முன்பாயைப் பாதி சுருட்டி வேகத்தைக் குறைத்துவிட்டுப் படிக்கட்டில் குனிந்து சொன்னேன்: "என்னங்க, மேலே வாருங்கள். இழுவைப் படகு ஒன்று இடப்பக்கம் முன்னால், ஒன்றரை மைல். நம் குறுக்கே மேற்கே போகிறது. பார்ஜ் எனக்கு இன்னும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டேன். நீங்கள் தொலைநோக்கியில் பார்ஜைத் தேடிக் கொடுங்கள்."

"வருகிறேன்."

காக்பிட்டின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துழாவினார். விளக்கைத் தேடவில்லை, கரையோர விளக்குகள் எங்கே மறைகின்றன என்று பார்த்தார். ஓரிடத்தில் மூன்று நான்கு விளக்குகள் அணைந்து, சற்றுப் பொறுத்து மீண்டும் எரிந்தன. "அதோ" என்றார். விளக்குகளை மறைத்துக்கொண்டு போனதுதான் பார்ஜ். பிறகுதான் அதன் முனையில் மங்கலாக ஒரு பச்சை எனக்குத் தெரிந்தது. இழுவைப் படகிலிருந்து அரைக் கிலோமீட்டராவது பின்னால் வந்துகொண்டிருந்தது. அது முழுவதும் கடந்து போகும்வரை காத்திருந்தோம். அவர் "நல்ல வேளை எழுப்பினாய்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். பதிவேட்டில் அவர் தூக்கத்தில் அரை மணி நேரம் குறைந்தது.

காவல் மாற்றுவதையும் வார்டில் நோயாளியின் படுக்கையருகே மாற்றுவதைப் போலவே செய்கிறோம், கடலைப் பார்த்தபடி. புதிதாக வருபவரை 15 நிமிடம் முன்பே எழுப்ப வேண்டும். அவர் சிவப்பு விளக்கில் உடுத்திக்கொண்டு, ஏதாவது குடித்துவிட்டு மேலே வந்து உட்கார்வார். காவல் முடிப்பவர் அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) தொடங்கி வலமாகத் தொடுவானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கைகாட்டிச் சொல்வார். "முன்னால் ஒன்றுமில்லை. வலப்பக்கம் பச்சை மேல், வெள்ளை கீழ், இழுவலைப் படகு. அரை மணி நேரமாகத் திசை மாறிக்கொண்டே வருகிறது, கவலையில்லை. பின்னால் ஒரு கப்பல். திசை மாறவில்லை, அதைக் கவனியுங்கள்." ஒரு கலம் நமக்குத் தெரியும் திசை மாறாமல் தூரம் குறைந்தால் மோதல் என்பது கடலோடிகளின் அரிச்சுவடி. அந்த ஒரு விவரம் கைமாறும்போது விட்டுப்போனால், புதிதாக வந்தவர் அதை மறுபடி கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். கடைசியில் "காவல் உங்களிடம்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். "காவல் என்னிடம்" என்று மற்றவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது, இருட்டில் தலையாட்டியது யாருக்குத் தெரியும்? பாய் மாற்றும்போதும் நங்கூரம் இறக்கும்போதும் இதே பழக்கம்தான். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மருந்தின் அளவை மருத்துவர் சொல்ல, தாதி திருப்பிச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் ஏஐஎஸ் 'கிளாஸ் பி' வகை. 2 வாட் ஆற்றலில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் இருப்பைச் சொல்லும். பெரிய கப்பலின் கருவி 12.5 வாட், சில நொடிக்கு ஒருமுறை சொல்லும். நெரிசலான இடத்தில் எங்களைப் போன்ற சிறிய கலங்களைத் திரையிலிருந்து மறைத்துவைக்கக் கப்பல்களால் முடியும். மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ஏஐஎஸ் கிடையாது. வலையில் மிதக்கும் கட்டைக்கு நிச்சயம் கிடையாது. ஆகவே திரையில் இல்லாதது கடலில் இல்லை என்று எண்ணக் கூடாது. நம்மை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்றும் எண்ணக் கூடாது. 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்குகள் விதிப்படியே ஒரு மைலுக்குத் தெரிந்தால் போதும். 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே ஊசோ என்ற 25 அடிப் பாய்மரப் படகு இரவில் மூழ்கி மூன்று பேர் இறந்தார்கள். பயணியர் கப்பல் ஒன்று அதில் மோதியிருக்கலாம், அல்லது மிக நெருங்கிப் போய் அதன் அலையில் கவிழ்த்திருக்கலாம் என்று விசாரணை முடிவு செய்தது. பெரிய கப்பலில் காவலுக்கு ஆட்கள் இருந்தார்கள். படகை அவர்கள் பார்த்தபோது அது மிக அருகில் வந்துவிட்டது. அந்த அறிக்கையைப் படித்தபிறகு நாங்கள் செய்த முதல் காரியம், மற்றக் கப்பல்களின் ரேடாரில் எங்களைக் காட்டுவதற்காகப் பாய்மரத்தில் இருந்த மலிவான ரேடார் பிரதிபலிப்பானை மாற்றியது.

என்னைத் தூங்கவிடாத பயம் மோதல் அல்ல. நான் தூங்கும்போது அவர் கடலில் விழுந்துவிடுவதுதான். 5 நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் போய்விடும். ஆட்டோபைலட் எதையும் அறியாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். நான் நான்கு மணிக்கு எழுந்து காலியான காக்பிட்டைப் பார்த்தால், அவர் பத்து மைல் பின்னால் இருப்பார், எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாமல். இதற்கு ஒரே மருந்து விழாமல் இருப்பது. இரவில் காக்பிட்டில் தனியாக இருப்பவர் ஹார்னஸின் கயிற்றைக் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும், கடல் குளம்போலக் கிடந்தாலும். மற்றவர் மேலே வராமல் காக்பிட்டைவிட்டு முன்னே போகக் கூடாது. கயிறு சிக்கினாலும், பாய் படபடத்தாலும், உலகமே இடிந்தாலும். சிறுநீர் கழிக்கப் படகின் விளிம்பில் நிற்கும் ஆண்களின் பழக்கத்தை எங்கள் படகில் முதல் நாளே தடை செய்துவிட்டேன். அப்படி விழுந்தவர்கள் எல்லாக் கடல்களிலும் இருக்கிறார்கள்.

நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர்வரை 'சுமத்ரா' என்ற திடீர்ப் புயற்காற்று வரும். சுமத்ரா தீவின் பக்கம் எழுந்து, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மேற்கிலிருந்து நீரிணையைக் கடக்கும். 40 நாட்டுக்கு மேல் வீசக்கூடும். மேற்கே விண்மீன்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறையும், பிறகு காற்று ஒரு கணம் செத்துப்போகும், பிறகு முகத்தில் குளிர் அடிக்கும். குளிர் அடித்தபின் பாயைச் சுருக்க நேரமில்லை. விண்மீன் மறையும்போதே எழுப்பிவிட வேண்டும். என் 4 முதல் 7 காவலில் இப்படி எத்தனையோ முறை அவரை எழுப்பி, பாயைச் சுருக்கி, கடைசியில் நான்கு துளி மழை மட்டும் பெய்து ஓய்ந்திருக்கிறது. "நல்ல வேளை எழுப்பினாய்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். எங்கள் திருமணத்தில் நான் மிக மதிக்கும் சொற்களில் அவை உண்டு.

இந்திய கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகு 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2018 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியது. அப்போது அதில் ஆறு பெண் அதிகாரிகள் இருந்தார்கள். அதே படகு 2024 அக்டோபர் 2 அன்று மீண்டும் புறப்பட்டபோது இரண்டே பேர்: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. ஃப்ரிமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடங்களில் மட்டும் நின்று, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி 2025 மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பினார்கள். செய்திகள் புயலையும் அலையையும் பேசின. எனக்கோ அந்த எட்டு மாதத்து இரவுகள்தான் நினைவில் நிற்கின்றன. ஒவ்வோர் இரவும் ஒருத்தி மற்றவளை நம்பித் தூங்கியிருக்கிறாள். ஒவ்வோர் இரவும் ஒருத்தி மற்றவளை எழுப்பியிருக்கிறாள்.

வரும் வடகிழக்குப் பருவக்காற்றில் நாங்கள் லங்காவியிலிருந்து இலங்கையின் காலிக்குப் போகத் திட்டமிடுகிறோம். ஏறத்தாழ 1,200 கடல் மைல், எங்கள் வேகத்தில் பத்து நாள். கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையே எல்லாக் கப்பல்களோடும் சேர்ந்து வெளியேற வேண்டும்; மறுமுனையில் இலங்கையின் தெற்கே தேவேந்திர முனையருகே மறுபடி அதே நெரிசல். நடுவில் திறந்த கடல் என்பதால் நான்கு மணி நேரக் காவலுக்கு மாறலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். என் அண்ணன் மகனும் வருகிறேன் என்கிறான். நன்றாக நீந்துவான், படகு ஓட்டக் கற்றிருக்கிறான், வயிறும் கடலுக்குத் தாங்குகிறது. ஆனால் பெரியவர்கள் தூங்கினால் தொலைக்காட்சியின் ஒலியைக்கூடக் குறைத்துவிடும் பிள்ளை. போன முறை பங்கோர்வரை அழைத்துப் போனபோது, ஒரு கப்பலை முக்கால் மணி நேரம் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "மாமா களைப்பாக இருந்தார், அத்தை" என்றான். அவனை நான் திட்டவில்லை. அன்று மாலையே அவனை வைத்துப் பயிற்சி தொடங்கினோம்: நங்கூரத்தில் நிற்கும்போதே இரவில் இரண்டு முறை, காரணமே இல்லாமல், எங்களை எழுப்ப வேண்டும், நான்கு வரிகளையும் சொல்ல வேண்டும். முதல் இரவு கதவை விரல் நுனியால் தட்டிவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தான். இப்போது "மாமா, மேலே வாருங்கள்" என்று குரல் கொடுக்கிறான். தரையை மிதிக்கத்தான் இன்னும் கூச்சப்படுகிறான். பயணத்தின் முதல் மூன்று இரவுகள் எங்களில் ஒருவரோடு சேர்ந்தே காவல் இருப்பான். நான்காம் இரவு தனியாகக் கொடுப்பதா என்பதை, அதற்குள் அவன் எங்களை எத்தனை முறை எழுப்பியிருக்கிறான் என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.